குவளையில் போட்ட கோடு

திங்கட்கிழமை

மாப்பிள்ளைக்கு,

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை, விட்டுவிட்டேன். நீங்களும் என் பேத்தி வாண்டுவும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் இருக்கிறேன். போனில் பேசலாம் என்றால் "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் பிள்ளையிடம் நீட்டிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். திருத்துவது உங்களுக்குப் பிடித்த வேலைதானே.

நீங்கள் அனுப்பிய தாள் வந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சொட்டு எண்ணிப் பழகிய கை, கட்டம் போட்டு அழகாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். தக்காளிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு குவளை. கத்தரிக்கும் அப்படியே. மிளகாய்க்கு ஒன்று. கீரைத் தொட்டிக்குத் தினமும் காலையில் அரைப் பூவாளி. இலையில் படாமல் தண்டு ஓரமாக ஊற்ற வேண்டும். அதற்கு முன்னால் மண்ணுக்குள் இரண்டு கணு வரை விரலை விட்டுப் பார்க்க வேண்டும், ஈரம் இருந்தால் ஊற்றக் கூடாது. முப்பது வருஷம் ஓட்டலில் பாத்திரம் தேய்த்த விரல் இது. இதற்கு எதைத் தொட்டாலும் ஈரமாகத்தான் தெரியும்.

நானும் கேட்கிறேன். வெயில் காயும் நாளும் மப்பு போட்ட நாளும் ஒரே அளவா? மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரமாக இருக்கும் தொட்டிகளுக்கு மதியம் வரை நிழல். படிக்கட்டுப் பக்கம் இருப்பவற்றுக்கு விடிந்ததிலிருந்து வெயில். இரண்டுக்கும் இரண்டு குவளையா? நேற்று அடித்த காற்றில் போர்வையே ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது, மண் காயாதா? அங்கே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கட்டம் போடுவது சுலபம்.

எட்டுத் தொட்டியில் ஐந்து போய்விட்டது. வாண்டு சொல்லியிருப்பாள். போனில் கேட்டாள், நான் பொய் சொல்லவில்லை. அழுதாள். அம்மா வைத்த தக்காளி மூன்றும் செத்துப் போச்சா என்று மூன்று தரம் கேட்டாள். அதற்குத்தானே எனக்கு இந்தத் தாள். லீவுக்குக் கூட்டிப் போங்கள் என்று அவள் கேட்டதற்கு, பார்க்கச் செடி மிச்சம் இருந்தால் போகலாம் என்று சொன்னீர்களாமே. செடியைப் பார்க்கத்தான் வர வேண்டும், இல்லையா? இங்கே மனுஷி ஒருத்தி இருக்கிறாள் என்பது கணக்கில் இல்லை.

குவளை என்று எழுதி, எந்தக் குவளை என்றும் எழுதிவிட்டீர்கள். அலமாரியில் இருக்கும் கோடு போட்ட குவளை. எப்படி மனது வந்தது உங்களுக்கு? என் மகளுக்குச் சிறுநீரகம் கெட்டதிலிருந்து, ஒரு நாளைக்கு அந்தக் கோடு வரைதான் தண்ணீர் என்று டாக்டர் சொன்னார். டீ, கஞ்சி, மாத்திரை விழுங்க, எல்லாம் அதிலேயே அடக்கம். அந்தக் கோட்டைத் தன் நகப்பூச்சால் அவளே போட்டாள். தூரிகையில் மிஞ்சியதைச் சுண்டுவிரல் நகத்தில் பூசிக்கொண்டு சிரித்தாள். அதில் மொண்டு நான் மிளகாய்ச் செடிக்கு ஊற்ற வேண்டுமா?

கோடு அவள் போட்டாள், காவல் நீங்கள் இருந்தீர்கள். என் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பூட்டு. குளியலறைக் குழாயின் திருகைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர் நீங்கள். ஆஸ்பத்திரி பக்கம் என்று மூன்று பேரும் என் வீட்டுக்குக் குடிவந்தீர்கள், என் வீட்டிலேயே நான் முகம் கழுவ உங்களைக் கேட்க வேண்டியிருந்தது. கடைசி வருஷம் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டாலே அவள் உதட்டைத் துடைத்துக்கொள்வாள், திருடியைப் போல. அதை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

அதனால்தான் அவள் மாடியில் தொட்டி வைத்தாள். சாயங்காலம் செடிக்கு ஊற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாள். மண் தண்ணீரை உறிஞ்சும்போது ஒரு சத்தம் வருமே, அதைக் காது கொடுத்துக் கேட்பாள். "நான் குடிக்க வேண்டியதையும் சேத்து இதுங்க குடிக்குதும்மா, பாரேன்" என்பாள்.

தாளின் அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். செடி கேட்கிறது என்று நினைத்து ஊற்ற வேண்டாம், என்று. அந்த வரி செடிக்கு எழுதியது இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தலை தொங்கினால் நான் ஊற்றத்தான் செய்வேன். தாகத்தைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பது உங்களுக்கு வரும், எனக்கு வராது.

வியாழக்கிழமை

தபாலில் போடாமல் வைத்திருந்தேன். உறை இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உறை இருந்தது.

செவ்வாய்க்கிழமை மிளகாய் போனது. நேற்றுக் கத்தரி ஒன்று சாய்ந்தது. காலையில் ஊற்றினேன், மதியம் தலை தொங்கியது, மறுபடி ஊற்றினேன், சாயங்காலம் இன்னும் தொங்கியது. நான் பூவாளியோடு நிற்பதைப் பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த தையல்காரி பார்த்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிய வேண்டும், சுவரைத் தாண்டி வந்துவிட்டாள். அந்தக் கத்தரியைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாக இருந்தது, தொட்டால் தோல் உரிந்தது, சாக்கடை நாற்றம். தொட்டிக்கு அடியில் ஓட்டை மண்ணால் அடைத்துப்போய்த் தண்ணீர் தேங்கி நின்றது.

"அக்கா, இது தண்ணி இல்லாம வாடல, தண்ணி தாங்காம வாடுது" என்றாள். "வேர் அழுகிட்டா குடிக்க முடியாது, அதான் தலைய தொங்கப் போடுது. பாக்க ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும்."

அப்புறம் விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றச் சொன்னாள். உங்கள் தாளில் இருப்பதுதான். அவளிடமும் கோபப்பட்டேன். என் வீட்டுச் செடியைப் பிடுங்க நீ யார் என்று கேட்டு அனுப்பிவிட்டேன். பாவம், துணியைக்கூட எடுக்காமல் போனாள்.

அந்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். என் மகளுக்கும் கால் இரண்டும் வீங்கித் தண்ணீர் கோத்திருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழும். உதடு மட்டும் காய்ந்து வெடித்திருக்கும். நான் உதட்டைத்தான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் என்னைக் கேட்டீர்கள். "எத்தனை டம்ளர் குடுத்தீங்க?" அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி. நான் ஒன்று என்று சொன்னேன்.

ஒன்று இல்லை. அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாண்டுவுக்கு முடி வெட்டக் கூட்டிப் போயிருந்தீர்கள். இரண்டு நாளாக ரத்தம் சுத்தம் செய்யவில்லை, மறுநாள்தான் முறை. அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மாடிக் குழாயின் திருகை மட்டும் செடிகளுக்காக நீங்கள் கழற்றாமல் விட்டிருந்தீர்கள். அங்கே பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். நாலு டம்ளர். மூன்று அவள் கேட்டது. நாலாவது அவள் கேட்கவில்லை. போதும் என்று கையைக் காட்டினாள். குடிம்மா, அவர் வருவதற்குள் குடித்துவிடு என்று நானே வாயில் வைத்தேன். விடிவதற்குள் மூச்சு முட்டியது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

இதைப் படித்துவிட்டு நான் சொன்னது சரியாகப் போச்சு என்று நிம்மதியாக இருங்கள். உங்களை நான் மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பூட்டு பூட்டுதான், திருகு திருகுதான். என்னை மன்னிக்கச் சொல்லவும் எழுதவில்லை.

எட்டில் ஒரு கத்தரி மிச்சம் இருக்கிறது. ஆணியைச் சுட வைத்துத் தொட்டியில் புது ஓட்டை போட்டிருக்கிறேன். நிழலுக்கு நகர்த்திவிட்டேன். மேல் மண்ணைக் கிளறிக் காய விட்டிருக்கிறேன். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து ஒரு சொட்டு ஊற்றவில்லை. இன்று மதியம் தலை தொங்கியது. பூவாளியைத் தையல்காரியிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, வாங்கிக்கொண்டாள். குவளையைக் கழுவித் துடைத்து அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். கோடு இன்னும் அழியவில்லை.

இந்த ஒரு செடிக்கு எப்போது, எவ்வளவு என்று எழுதுங்கள். கோடு வரையா, கோட்டுக்குக் கீழேயா? நீங்கள் எழுதியபடி ஊற்றுகிறேன். பிழைத்தால் வாண்டுவைக் கூட்டி வாருங்கள். குவளை அவள் கையில் இருக்கட்டும், நான் தள்ளி நிற்கிறேன். பிழைக்காவிட்டாலும் ஒரு நாள் கூட்டி வாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருவரும் நோய் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். பிள்ளை தண்ணீர் கேட்டால் எவ்வளவு என்று பார்க்காமல் கொடுங்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை, அவள் குடிக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியைப் பெற்றவள்