அக்கா கடைக்கு இரண்டடிப் பலகை

கார்த்திகை 4, திண்டிவனம்

இன்று என் தமக்கை பவுனுவின் கடையில் காலையுணவு. கேப்பை அடை, நிலக்கடலை அரைத்த மல்லாட்டைச் சட்டினி. உண்டவன் நான் ஒருவனே. அண்மையில் எழுந்த பயணியர் நிழற்குடை கடையை அடியோடு மறைத்துவிட்டது. பேருந்துக்குக் காத்திருப்போர் பசியோடு அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் அடை வேகிறது. சுவரோடு ஒட்டிய பெயர்ப்பலகை எவர் கண்ணிலும் படுவதில்லை.

"தை வரிக்கும் பாக்கறேன். அப்பறம் பூட்டிட்டு பாண்டிச்சேரி கம்பெனிக்கு வேலைக்குப் போறேன்" என்றாள். "ஊருக்கெல்லாம் பேசறியே, எனக்காக ஒரு வாட்டி பேசேன்டா."

பேசுவேன்.

கார்த்திகை 6

நகராட்சி அலுவலகம். விதிப்படி பெயர்ப்பலகை சுவரைவிட்டு நீளக்கூடாது. நான் வேண்டுவது ஒரே ஒரு கடைக்கு, தெருப்பக்கம் இரண்டடி நீட்டிக்கொள்ளும் விதிவிலக்கு. "நிழல் தந்த பெருமக்களே, வெளிச்சத்தைப் பறிக்கலாமா!" என்று தொடங்கினேன். எழுத்தர்கள் எழுந்து நின்றனர். வரி கட்ட வந்த ஒருவர் கைதட்டினார்.

நகரமைப்பு ஆய்வாளர் இருதயமேரி மட்டும் தலை நிமிரவில்லை. "பேச்சு நல்லாத்தாங்க இருக்கு. இத ஃபைல்ல எப்படி வைக்கிறது? மனுவா எழுதிக் குடுங்க. நானே எடத்த வந்து பாக்கறேன்."

எழுதினேன். எதுகை இல்லை, மோனை இல்லை. இரண்டே பத்தி. என் வாழ்நாளின் மிகக் கடினமான படைப்பு அதுதான்.

கார்த்திகை 13, விழுப்புரம்

மொழியுரிமைப் பொதுக்கூட்டம். அவை பொங்கி எழுந்த வேளையில் என் நாக்கு கட்டுமீறியது: "ஒரு பெயர்ப்பலகைக்காகத் திண்டிவனத்தில் நகராட்சியையே நடுங்க வைத்தவன் நான்!"

நடுங்க வைத்தேனா? இருதயமேரி கடையைப் பார்வையிட வருவதே நாளைதானே? ஆயினும் அந்தக் கரவொலி — உண்மை ஒருநாள் தாமதமாக வந்து சேரட்டும்.

கார்த்திகை 14, திண்டிவனம்

இன்னா காரியம் பண்ணிட்டான் இந்த அய்யப்பன்! எங்கள் மன்றச் செயலாளன். நேற்றைய பேச்சைக் கேட்டு மெய்ம்மறந்தவன். விடிவதற்குள் நிழற்குடையின் ஓரமாக ஒரு வீட்டு உயரத்துக்குப் பதாகை. 'நகராட்சியை நடுங்க வைத்த நாவேந்தர் வெற்றிச்செல்வனே வருக!' அதில் என் முகம். எவன்டா கேட்டான்?

"நெழற்கொட பாதி மறைச்சிது. மீதிய உன் மூஞ்சி மறைச்சிடிச்சி" என்றாள் அக்கா. "ஜல்தி எறக்குடா, அந்தம்மா வர்ற நேரம்."

உண்போர் அமரும் விசிப்பலகைமேல் ஏறிக் கயிற்றை அறுத்தேன். என் மூக்கு என் தோள்மேல் சரிந்துகொண்டிருந்தபோது ஸ்கூட்டர் ஒன்று நின்றது. இருதயமேரி முழுவதையும் படித்தார்.

"நடுங்க வெச்சிட்டீங்களா? எங்கிட்ட யாருமே சொல்லலிங்களே."

பதாகையை முழுதும் இறக்கிவிட்டுக் கீழே வந்தேன். "பிழை என்னுடையது, அம்மா. தண்டம் என்மேல் எழுதுங்கள். அக்காவின் மனுமேல் எழுதாதீர்கள்."

அவர் நிழற்குடைக்குள் போய்ப் பயணிகளோடு அமர்ந்தார். இப்பக்கம் பார்த்தார், அப்பக்கம் பார்த்தார்.

"வாசன வருது. கட எங்கங்க?"

"பதாகையை இறக்கிய பின்னும் தெரியவில்லை, அம்மா. என் வழக்கு அவ்வளவே."

நான் ஆற்றியவற்றுள் மிகச் சிறிய உரை. கைதட்டல் இல்லை. ஆனால், அவர் எழுந்து வந்து சுவரிலிருந்து அளவு நாடாவை நீட்டினார். சரியாக இரண்டடியில் நிறுத்தி, மறுமுனையை என்னிடம் கொடுத்தார்.

கார்த்திகை 27

வென்றோம்! ஆணை கையில் இருக்கிறது. இரண்டடி, முழுமையாக! கூடவே ஒரு நிபந்தனை: 'பலகையில் எவருடைய உருவப்படமும் இடம்பெறலாகாது.' இப்படியொரு நிபந்தனை இந்நகரில் வேறெந்தக் கடைக்கும் இல்லையாம். எனக்கென்றே ஒரு சட்டம் இயற்ற வைத்திருக்கிறேன். எந்தப் பேச்சாளனுக்கு வாய்க்கும் இது!

மார்கழி 9

பலகை ஏறியது. மஞ்சளில் சிவப்பெழுத்து. எதிர்ச்சாரியில் நின்று பலமுறை படித்தேன்.

மார்கழி 24

கடையில் உட்கார இடமில்லை. புதுச்சேரிப் பேருந்தின் நடத்துநர் படியில் நின்று கூவுகிறார்: "அதோ மஞ்சப் பலக தெரியுது பாரு, ஜல்தியா சாப்ட்டு வந்துடுங்க!" தையைப் பற்றி அக்கா வாயே திறக்கவில்லை.

"சும்மா நின்னுக்கினு இருக்கியே. பின்னால போயி தட்டு கழுவேன், நாவேந்தரே."

பின்கட்டில் பனிக்கு மறைப்பாக அதே பதாகையைக் கூரையாகக் கட்டியிருக்கிறாள். எழுத்தெல்லாம் மடிப்பில் மறைந்து, 'வருக' மட்டும் எஞ்சியிருக்கிறது. மேலே என் முகம். கீழே நான், முழங்கைவரை சட்டினியோடு.

தட்டுகள் வந்துகொண்டே இருந்தன.