மூன்றாவது சான்றிதழ்

அக்கா,

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

இன்றைய நாய்க் கண்காட்சியிலும் வாலு சாம்பியன் ஆகவில்லை. இரண்டு நடுவர்கள் முன்பே சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள், வேறொருவரிடம் மூன்றாவதும் வாங்கினால் பட்டம் என்று உனக்குத் தெரியுமே. இன்று நான்தான் அவனைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அழகாக ஓடினான், சிலை மாதிரி நின்றான். முதல் இரண்டு நடுவர்களும் பெண்கள். இன்றைய நடுவர் ஆண், அப்பா உயரம். பல்லைப் பார்க்கக் கையைத் தூக்கினார். வாலு தரையோடு தரையாகப் படுத்துவிட்டான்.

"நல்ல நாய்தாம்மா. கையத் தூக்கினாலே பயப்படுதே, வீட்ல யாராவது அடிப்பாங்களா?"

"இல்ல சார், அவனுக்குக் கூச்சம்" என்றேன். தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அப்பா சிரித்துக்கொண்டே நின்றார்.

"சரி, பரவாயில்ல" என்று நடுவர் என் தலையைத் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினார். அக்கா, நானும் அப்படியே குனிந்துவிட்டேன். அவர் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அப்பாவின் சிரிப்பும் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், "ரெண்டும் சேர்ந்து என் மானத்த வாங்கிட்டீங்க" என்றார். வாலுவைக் கார் ஷெட்டில் பூட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவனை யாருக்கோ கொடுத்துவிடப் போகிறாராம். என்னைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அறை சின்னது, வெளியாள் யாரும் வந்து தங்க விடமாட்டார்கள் என்றாய். கட்டிலுக்கு அடியில் இடம் இருந்தால் போதும் அக்கா. நாங்கள் இருவருமே சத்தம் போடாமல் இருக்கப் பழகிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வா.

உன் தங்கச்சி