ஏழாம் நம்பர் காடு

என் பக்கத்து நிரையில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண் ஒருத்தி கொழுந்து கிள்ளுகிறாள். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு அவள் பாஷை வராது. நேற்று தேயிலையைக் காட்டி, இதற்கு உங்கள் பேச்சில் என்ன என்று கையாலேயே கேட்டாள். "காடு" என்றேன். புரியட்டுமே என்று "ஜங்கிள்" என்றும் சேர்த்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். முன்பு அதே நிரையில் கிள்ளிய நீதான் எனக்கு நினைவுக்கு வந்தாய்.

காட்டுக்குப் போகிறோம், ஏழாம் நம்பர் காட்டில் வேலை என்றுதானே நாமெல்லாம் சொல்வோம்? நீ மட்டும் அப்படிச் சொல்ல மாட்டாய். "ஏட்டி, காட்ட அழிச்சுல்லா தேயில வச்சிருக்கு. இதப் போயி காடுங்கியே" என்று கோபப்படுவாய். வெள்ளைக்காரத் துரை காலத்தில் இந்தச் சரிவின் சோலைமரங்களை வெட்டிய கூட்டத்தில் உன் தாத்தாவும் ஒருவர். உங்கள் வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். உனக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கிய முள். "அப்பம் ஒந் தாத்தா மேல கேசு குடு" என்று நான் கிண்டல் செய்வேன்.

மரமெல்லாம் போனபின், தொழிற்சாலை அடுப்புக்கு விறகு வேண்டுமென்று துரைமார் யூகலிப்டஸ் நட்டார்கள். அந்த வழக்கம் நம் காலத்திலும் விடவில்லை. ஏழாம் நம்பருக்கு மேலே, ஓடையோரம் மிஞ்சியிருந்த கையகலச் சோலைக்குள்ளும் ஒருநாள் நாற்று வைத்தார்கள். மறுநாள் காலையில் நீ அவற்றைப் பிடுங்க ஆரம்பித்தாய். விளையாட்டுப் போல நானும் கூடச் சேர்ந்து பிடுங்கினேன். பனியில் கை விறைத்துப் போயிற்று, ஆனாலும் நமக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சூப்பர்வைசர் எல்லோரையும் நிறுத்திக் கேட்டார்.

"நாந்தான் சார்" என்றாய்.

"கூட யாரு?"

"ஒருத்தருமில்ல."

என் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த நேரம். நான் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னை மலைக்கு அந்தப் பக்கத்து டிவிஷனுக்கு மாற்றினார்கள். அதன்பின் திருவிழாவிலும் ரேஷன் கடையிலும்தான் பார்த்துக்கொண்டோம். "நல்லாருக்கியாட்டி?" என்பாய். ஒருமுறையாவது நீ என்னைத் திட்டியிருக்கலாம்.

இன்று சித்திரபுரம் பஸ்ஸில் அதே சூப்பர்வைசர், ஓய்வு பெற்று, தலையெல்லாம் நரைத்து. பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தேன். "சார், அன்னைக்குச் சோலையில நாத்தப் புடுங்குனதுல நானும் உண்டு" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த நாத்தும்மா?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். அதுவும் நினைவில்லை.

அந்தச் சோலையில் மறுபடி யாரும் நாற்று வைக்கவில்லை. நீ செத்துப்போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நானும் பிடுங்கினேன் என்று தெரிந்த ஒரே ஆள் நீ. இனி யாரிடம் சொன்னாலும், ஆமாம் என்று சொல்ல ஆளில்லை.