சாயம் ஒட்டத்தான் செய்தது

அன்புள்ள சொட்டு,

நலம்தானே? நான் நலம். ஆய்வகமும் அப்படியே இருக்கிறது. யாரும் யாருடைய பீக்கரையும் கழுவுவதில்லை.

உன் அக்காவிடம் பேசினேன். "போனை அணைச்சு அலமாரியில போட்டுட்டான்மா. எங்க வீட்டுக்காரர் கடையில வாளி வாளியா பெயிண்ட் கலக்குறான். என்ன கேட்டாலும் 'உம்'. நீயாவது எழுதிப் பாரேன்" என்றார். அதனால் இந்தக் கடிதம். இதை அணைத்து வைக்க முடியாது.

உன் சாயத்தைப் பற்றி. மடித்து வைத்துவிடாதே, படி.

டி.என்.ஏ.வில் சாயம் ஒட்டினால் ஒளிரும். சாயம் கூடக் கூட ஒளிர்வும் கூட வேண்டும். உனக்கோ கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கியது. "ஒட்டல. எல்லாம் வீண்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினாய். நம் ஆய்வை மேற்பார்க்கும் கைடும் தடுக்கவில்லை.

போன வாரம் நீ விட்டுப்போன சாயக் கரைசலை டி.என்.ஏ.வோடு ஒரு குப்பியில் கலந்து, ஒளிர்வை அளக்கும் கருவியில் வைத்தேன். நன்றாகவே ஒளிர்ந்தது. அதில் சாயமே இல்லாத வெறும் எத்தனாலை விட்டேன். ஒளிர்வு இறங்கியது. உன் வரைபடத்தின் அதே சரிவு. அதே அளவு தண்ணீர் விட்ட குப்பி அவ்வளவு மங்கவில்லை.

கெட்டியாகக் கரைத்தால் சாயம் படிந்துவிடும் என்று உனக்குப் பயம். எத்தனாலில் நீர்க்கக் கரைத்தாய். சாயத்தைக் கூட்டியபோதெல்லாம் எத்தனாலும் கூடியது. கடைசியில் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு அதுதான். ஒப்பிட்டுப் பார்க்க நீ வைத்த குப்பியிலோ எத்தனாலே இல்லை, வெறும் தண்ணீர்.

தண்ணீரில் இருக்க அந்தச் சாயத்துக்குப் பிடிக்காது. டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கு நடுவே போய் ஒண்டிக்கொள்ளும். எத்தனால் வந்துவிட்டால் வெளியேயும் சுகம். கழன்று வந்துவிடும். அது ஒட்டாமல் இல்லை. நாம்தான் கழற்றிக்கொண்டிருந்தோம். நாம் என்றுதான் எழுதுகிறேன். அந்த வரைபடத்தை எல்லோரும் பார்த்தோம், ஒருவரும் கேட்கவில்லை.

கெட்டியாகவே கரைத்துப் பார்த்தேன். எல்லாக் குப்பியிலும் எத்தனால் ஒரே அளவு, மிகக் கொஞ்சம். சாயம் படியவில்லை. ஒளிர்வு ஏறியது. ஏறி நின்றது.

கைடிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தக் கரைப்பான் எவ்வளவு போனா பிடி விடுதுங்கிறதே ஒரு ஆய்வுக் கேள்விதானே! பயல் தெரியாமலே பாதியை முடிச்சு வச்சிருக்கான். கூப்பிடும்மா அந்த ரோஷக்காரனை" என்றார். ஆனால் மாதக் கடைசியோடு உன் ஆய்வுப் பதிவு ரத்தாகிவிடும். பிறகு அவர் நினைத்தாலும் முடியாது. உன் சாயம் வேறு யார் கைக்கோ போகும்.

கடை வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே நிம்மதி என்றால் இரு. தோற்றுப் போனதாக நினைத்துக்கொண்டு மட்டும் இருக்காதே.

திங்கள் காலை கருவியை நம் இருவர் பெயரிலும் கேட்டு வாங்கியிருக்கிறேன். நீ வராவிட்டால் அந்த நேரத்தை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். கருவியின் விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். அது சூடேறி நிலைக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதற்குள் வந்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்.

இப்படிக்கு,
பக்கத்து மேசைக்காரி