பதினைந்துக்குள்ள

நமுனுகுல
28.01.2024

அன்பு மகள் நிஷாலினிக்கு,

போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அவள் வருத்தத்தைப் பற்றி அவள் முன்னால் எப்படிச் சொல்ல? அதனால்தான் கடிதம். சிறுநீரகம் இரண்டும் பழுதாம்.

நீ எழுதிப் படித்துவிட்டு இங்கே விட்டுப்போன கொப்பியை வைத்து ஜப்பான் பாஷை படிக்கிறேன். ஏழு மணிக்கு 'நி' போட வேண்டுமாம், நாளைக்கு என்றால் 'நி' கிடையாதாம். நமக்கு ரெண்டுக்குமே 'க்கு'தானே? ஏழாம் வகுப்போடு நின்ற மூளை கிறுகிறுக்கிறது.

உன் அப்பா,
யாகோப்பு

நாகானோ
11.02.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சிரித்தேன், பிறகு அழுதேன். 'மதே' என்றால் வரைக்கும். 'மதேனி' என்றால் க்குள்ள. ஐந்து மணி மதே வேலை, ஐந்து மணி மதேனி வீட்டுக்கு வா. சரியா?

வீட்டிலிருந்து எழுதிக் கேட்டால் லீவு தருவதாக எங்கள் முதியோர் இல்ல மேனேஜர் சொல்கிறார். இங்கிலீஷ் போதும். பள்ளிக்கூடத்து நிரஞ்சலா டீச்சரிடம் எழுதி வாங்குங்க. மேனேஜர் நம்பர் பின்பக்கத்தில்.

நிஷா

பதுளை
01.03.2024

அன்பு மகளுக்கு,

அம்மாவை இங்கே பெரியாஸ்பத்திரி வார்டில் சேர்த்திருக்கிறோம். பார்க்க வேண்டியவர்கள் பதினைந்துக்குள் வந்துவிடட்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இது தெரியாது.

டீச்சர் எதற்கு? நானே எழுதினேன். "முசுமே, ஜூகோ நிச்சி மதே, ஒனெகாய்." மகள், பதினைந்தாம் தேதிக்குள், தயவுசெய்து. கடையில் படம் பிடித்து மேனேஜருக்கு அனுப்பியாயிற்று. உன் அப்பன் ஜப்பான்காரனாகிவிட்டான் போ.

உன் அப்பா,
யாகோப்பு

நாகானோ
30.03.2024

அப்பா,

உங்கள் மார்ச் முதலாம் தேதிக் கடிதம், நான் திரும்பி வந்தபோது தபால் பெட்டியில் கிடந்தது.

பதினைந்து வரைக்கும் என்னை வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் எழுதியதாக மேனேஜர் சொன்னார். "பதினைந்துதானாப்பா?" என்று போனில் கேட்டேன், அம்மா பக்கத்தில் இருந்தாங்க. "எழுதினபடிதாம்மா" என்றீங்க. செய்தி கேட்டு, டிக்கெட் கிடைத்துப் பதினேழாம் தேதி வந்து குழிமேட்டைத்தான் பார்த்தேன். "வேலைதான் பெருசாப் போச்சா உங்களுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். நீங்கள் குனிந்து குழிமேட்டுப் பூவைச் சரிசெய்தீங்க.

'மதேனி'யில் 'நி'யை விட்டுட்டீங்கப்பா.

நான் கத்தினப்போதே இந்தத் தப்பு தெரியுமா உங்களுக்கு? அம்மா என்னைக் கேட்டாங்களா? தூக்கத்திலேயே போய்விட்டதாகச் சொன்னீங்க. மறைக்காமல் எழுதுங்க.

நிஷாலினி

நமுனுகுல
14.04.2024

மகளுக்கு,

நீ கத்திய அன்றைக்கு இரவே கொப்பியைப் புரட்டினேன். தெரிந்துவிட்டது. வேலைதான் பெரிசு என்று நினைக்கிற அப்பன் என்றே நீ எண்ணிக்கொண்டு போகட்டும் என்று இருந்துவிட்டேன். பெருமைக்கு எழுதி, பெத்த தாய் முகத்தைப் பார்க்க விடாமல் பண்ணினவன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அம்மா தூக்கத்தில் போகவில்லை. அவள் போன பன்னிரண்டாம் தேதி காலையில் நல்ல நினைவோடு இருந்தாள்.

"புள்ள வந்துட்டாளா?" என்று கேட்டாள்.

"வந்துட்டா, லூசியா. பஸ்ஸை விட்டு எறங்கி மேட்டுல ஏறி வந்துக்கிட்டிருக்கா."

"அப்ப தலையச் சீவி விடுங்க. இந்தக் கோலத்துல பாத்தா பயந்துக்கும்."

வாழ்நாளில் அவள் தலையை நான் சீவியதில்லை. பக்கத்துக் கட்டில்காரியிடம் சீப்பு வாங்கிச் சீவினேன். வகிடு கோணிக்கொண்டு போனது. அழித்து, திரும்ப எடுத்தேன். வாசலையே பார்த்துக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்றாள்.

யாகோப்பு