முதல் மதிப்பெண் சாமி

தோன்புரி
31 ஜூலை, புத்த வருடம் 2538

மதிப்புக்குரிய எக் சாமி அவர்களுக்கு,

ரூங்நபா விழுந்து வணங்கி எழுதுவது. பதினொரு வருடம் "ஏங்க" என்று கூப்பிட்ட வாயால் இப்போது சாமி என்கிறேன். பைலினுக்கு ஒரே சிரிப்பு. "தலையும் மொட்டை, புருவமும் மொட்டை. அப்பா முட்டை மாதிரி இருக்காரும்மா" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மடத்தில் நீங்கள் விரித்த துணியின் மேல் குழம்புப் பாத்திரத்தை வைத்தேன். பெண் கையிலிருந்து சாமி நேராக எதையும் வாங்கக் கூடாதே. நாலு சாமிகளுக்கு நடுவிலிருந்து "சௌக்கியமா?" என்று கேட்டீர்கள். சௌக்கியம் என்றேன். பேச்சு முடிந்தது.

குறை சொல்லவில்லை. கம்பெனியில் விருது வாங்கிய அன்று, கழுத்துப் பட்டையைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்து அழுதீர்களே, "மேடையில என் பேரைக் கூப்பிட்டாங்க ரூங். வேற யாரையோ கூப்பிடற மாதிரி இருந்துச்சு. நான் யாருன்னே தெரியல" என்று, அன்றைக்குத்தான் எனக்கு உயிர் வந்தது. நீங்கள் யாரென்று எனக்கும்தான் தெரியாதே! அதனால்தான் மூன்று மாத மழைக்காலத் துறவுக்குப் புத்த மடத்துக்குப் போகிறேன் என்றதும் சரி என்றேன்.

மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு வாருங்கள். வருகிற அந்த மனிதரோடுதான் எனக்கு இனிக் குடித்தனம். பழைய வட்டார மேலாளரே திரும்பி வந்தால் கதவு திறக்காது. இப்போதே சொல்லிவிட்டேன்.

உங்கள்
ரூங்


அயுத்தயா
20 ஆகஸ்ட் 2538

உபாசகி ரூங்நபாவுக்கு,

நலம் உண்டாகட்டும். சும்மா இரு என்று சுலபமாக எழுதிவிட்டாய். கண்ணை மூடினால் முழங்கால் கத்துகிறது. மூச்சைக் கவனி என்கிறார் பெரிய சாமி. நான் கவனிப்பதோ பக்கத்தில் இருக்கும் சாமியை. என்னைவிட அதிக நேரம் அசையாமல் இருக்கிறார். எரிச்சலாக வருகிறது. நேற்று அவர் எழுந்த பிறகுதான் எழுந்தேன். கால் மரத்துப்போய்க் கீழே விழுந்தேன் என்பது வேறு விஷயம்.

ஒரு நல்ல செய்தி. புதுச் சாமிகளுக்குப் புத்தர் போதனையில் தம்மத் தேர்வு என்று ஒன்று இருக்கிறதாம். பாடப் புத்தகம் கிடைத்துவிட்டது. கால அட்டவணையும் போட்டுவிட்டேன். இங்கே வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த முறை வரும்போது கோடு போட வண்ணப் பென்சில் கொண்டு வா. குழம்பு வேண்டாம். சாப்பிட்டால் படிக்க முடியவில்லை.

ஆசிகளுடன்
எக்


தோன்புரி
10 செப்டம்பர் 2538

எக் சாமி அவர்களுக்கு,

வணக்கம். சாமியைக் கோபித்துக்கொண்டால் பாவம் என்பார்கள். பாவம் வந்தால் வரட்டும்.

பென்சில் கொண்டு வந்தேன். நீங்களோ மரத்தடியில் மூன்று சின்னச் சாமிகளை வரிசையாக உட்கார வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதில் ஒருவர் நான் கிளம்பும்போது, "எங்களை எப்பம்மா விடுவாரு உங்க வீட்டுக்காரரு? தூங்கறப்பக்கூட பாடம் ஒப்பிக்கறோம்" என்றார். அங்கே சிரித்துவிட்டேன். திரும்பும் படகில் அழுதேன்.

பைலினுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்களிடம் காட்ட வேண்டும் என்று காகிதத்தில் மடித்து வழியெல்லாம் கைக்குள்ளேயே வைத்திருந்தாள். "நல்லது, நல்லது, அப்புறம் பார்க்கலாம்" என்று பக்கத்தைத் திருப்பினீர்கள். அவள் காகிதத்தை மறுபடி மடித்துக்கொண்டாள்.

என் சங்கதியும் கேளுங்கள். நான் சைக்கிள் கற்றுக்கொள்கிறேன். நாற்பது வயதில்! கால்வாய்க்கரையில் பைலின் பின்னால் பிடிக்க, நான் வாழைத்தோப்புக்குள் போய் விழுகிறேன். "அக்கா, எங்க வாழையில பழுத்ததெல்லாம் நீங்களே இடிச்சுத் தள்ளிட்டீங்க" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. இதில் யாரும் எனக்கு மதிப்பெண் போடுவதில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா? இதை உங்களிடம் நேரில் சொல்லத்தான் வந்தேன். சொல்ல இடமில்லை.

ரூங்


அயுத்தயா
2 அக்டோபர் 2538

உபாசகி ரூங்நபாவுக்கு,

நலம் உண்டாகட்டும். மாதிரித் தேர்வில் மடத்திலேயே நான்தான் முதல். "பற்றை விடுவது எப்படி?" என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் எனக்கு மட்டும்தான்.

ஆனால் பெரிய தேர்வு மழைக்காலம் முடிந்த பிறகுதான் வருகிறது. அதற்குமுன் காவி களைந்தால் எழுத முடியாது. மாகாணத்திலேயே முதலாவதாக வர எனக்கு வாய்ப்பு இருக்கிறதாம். அதனால் முடிவு வரும்வரை இங்கேயே இருக்க நினைக்கிறேன். ஆபீசுக்கு எழுதினேன். அவர்களுக்கும் பெருமைதான், கம்பெனிப் பத்திரிகையில் படம் போடுவார்களாம்.

பெரிய சாமிதான் முட்டுக்கட்டை போடுகிறார். "உன் பொண்டாட்டி மூணு மாசத்துக்குத்தானே சம்மதிச்சா? போய் மறுபடி கேளு" என்கிறார். சம்மதம் என்று இரண்டு வரி எழுதி அனுப்பு. ஜனவரிக்குள் வந்துவிடுவேன். பிறகு உட்கார்ந்து பேசுவோம்.

பைலினின் பல்லைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு நினைவில்லை.

ஆசிகளுடன்
எக்


தோன்புரி
9 அக்டோபர் 2538

வணக்கத்துக்குரிய எக் சாமி அவர்களுக்கு,

உபாசகி ரூங்நபா விழுந்து வணங்கி எழுதுவது.

உங்களை இங்கே அழவைத்த பேயை விரட்டத்தான் மடத்துக்கு அனுப்பினேன். அது உங்களுக்கு முன்பே போய்ப் பாய் விரித்துவிட்டது. நீங்கள் ஜனவரியில் வருவீர்கள். சுவரில் இன்னொரு ஆணி அடிக்கச் சொல்வீர்கள், சான்றிதழ் மாட்ட. பிறகு அடுத்த வருடம் இன்னொன்று. நான் மூன்று மாதமாக ஒரு மனிதருக்குக் காத்திருந்தேன். அப்படி ஒருவர் கிடையாது என்று இப்போது புரிகிறது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வருகிறது. இந்தப் பதினொரு வருடத்தில் நான் யாரென்றும் யாரும் கேட்கவில்லையே. மூன்று மாதம் தனியாக இருந்ததில் எனக்கே கொஞ்சம் தெரிந்திருக்கிறது. அதை மறுபடி விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சம்மதம் கேட்டீர்கள். தருகிறேன். தேர்வு வரைக்கும் இல்லை, ஆயுள் முழுவதற்கும். பெரிய சாமியிடம் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். வேறு சாட்சி வேண்டாம்.

மாதம் ஒருமுறை பைலினை அழைத்து வந்து வணங்கிவிட்டுப் போகிறேன். அவள் உங்களை அப்பா என்று கூப்பிடலாமா, கூடாதா? அதை மட்டும் எழுதித் தெரிவியுங்கள்.

உபாசகி
ரூங்நபா