ஒரு பிடி புல்

1736, அக்டோபர் 4

பாலாடைக்கட்டி இன்றும் சரியாக உறையவில்லை. காலை முழுக்க மழை. மதியத்துக்கு மேல் வானம் வெளுத்தபோதுதான் அவர்களைப் பார்த்தேன். சமவெளியில் நீள நீளமான மரக்கோல்களை முனைக்கு முனை சேர்த்துத் தரையில் வைத்து, சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்த முனைகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீட்டோ நகரில் மாதக்கணக்காக இந்தப் பிரெஞ்சுக்காரர்களைப் பற்றித்தான் பேச்சு. இப்போது எங்கள் ஊர் யாருக்கி வரைக்கும் வந்தாகிவிட்டது.

அவர்களோடு வந்திருக்கும் மொழிபெயர்ப்பாளன் செவெரினோ ரியோபாம்பாக்காரன், இளவட்டம். தண்ணீர் கேட்டு வாசலுக்கு வந்தான். எதை அளக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“பூமியைத்தாம்மா. அது இடுப்புல பருத்திருக்கா, இல்ல எலுமிச்சம்பழம் மாதிரி ரெண்டு பக்கமும் நீண்டிருக்கான்னு பாக்குறாங்க.”

“என் இடுப்புந்தான் பருத்துப்போச்சு. அதைப் பாக்க யாரும் கடல் தாண்டி வரலையே.”

சிரித்தான். கதவுக்குப் பின்னாலிருந்து இக்னாசியாவும் சிரித்தாள். என் மகளுக்கு அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை?

பூமியை அளக்கிறார்களாம். யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?

அக்டோபர் 6

தூக்கம் வரவில்லை. என் பயத்தை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

மேடு, ஆற்றங்கரை மேய்ச்சல், எங்கள் நிலம் எதற்குமே பத்திரம் கிடையாது. மாமனார் ஊர் நடுவரையும் சாட்சிகளையும் அழைத்துவந்து, நிலத்தில் நடந்து, ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, கல்லை விட்டெறிந்து, ஒரு கிளையை முறித்தார். ‘மறுப்பவர் உண்டா’ என்று உரக்கக் கேட்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அதோடு நிலம் அவருடையது. அவருக்குப் பிறகு மூத்த மகனான என் கணவர் காலத்திலும் அதுவே போதுமானதாக இருந்தது. அவர் போய் இரண்டு வருடமாகிறது. இந்த நாட்டில் பாதிப் பேருக்கு நிலம் இப்படித்தான் வந்தது.

வந்த வழியிலேயே போகவும் செய்யும். இன்னொருவன் வந்து புல்லைப் பிடுங்கும்போது நான் அங்கே நின்று ‘மறுக்கிறேன்’ என்று சொல்லாவிட்டால் தீர்ந்தது கதை. அப்புறம் இக்னாசியாவை யார் கட்டுவார்கள்? அவளுக்கென்று என்னிடம் இருப்பது இந்த மண் மட்டும்தான்.

அக்டோபர் 11

பயந்தது நடந்துவிட்டது.

செடி பார்க்கிற பிரெஞ்சுக்காரன் ஒருவன் இருக்கிறான், குட்டையானவன். இன்று எங்கள் மேட்டு நிலத்துக்குள், கற்றாழை வேலியைத் தாண்டி வந்தான். குனிந்தான். புல்லை வேரோடு பிடுங்கினான்! ஒரு முறை இல்லை, நடந்து நடந்து பிடுங்கினான். பிடுங்கியதைக் காகிதத்துக்குள் வேறு பத்திரப்படுத்திக்கொண்டான். எங்கள் நாய் குரைத்துக்கொண்டு ஓடியதும் கல்லை எடுத்து எறிந்தான். நாயைப் பார்த்து எறிந்தானாம். புல் ஆயிற்று, கல் ஆயிற்று, கிளைதான் பாக்கி.

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். “மறுக்கிறேன்! இது இந்தப் பெத்ரோனாவோட நிலம், நான் மறுக்கிறேன்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினான். பையிலிருந்து ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்து நீட்டினான்.

கோழிக்குப் போட்டேன். கோழி நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நான் தொடவில்லை.

அக்டோபர் 12

கொழுந்தன் ஹசிந்தோ வந்தான். நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு கல், புல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னான்.

“அண்ணி, நீங்க செஞ்சதுதான் சரி. சும்மா விட்ருந்தா போயிருக்கும். அவன் மறுபடி வருவான் பாருங்க. மேட்டுல எப்பவும் ஆள் இருக்கணும்.”

“ஆத்தங்கரை மேய்ச்சலையும் பாக்கணுமே தம்பி. மாடெல்லாம் அங்கதான நிக்குது.”

“கீழ நான் பாத்துக்கறேன். அங்க எதுக்கு வரப்போறான்? அவனுக்கு மேடுதான் வேணும்.”

என்னைப் பைத்தியம் என்று சொல்லாதது இவன் ஒருவன்தான். பாதிரியார்கூடச் சிரித்தார்.

அக்டோபர் 19

செவெரினோ மூன்றாவது முறையாகத் தண்ணீர் கேட்டு வந்தான். பிரெஞ்சுக்காரர்களுக்கு அவ்வளவு தாகமா?

இக்னாசியா தலையை மறுபடி வாரிக்கொண்டிருக்கிறாள். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். வீட்டுக்குள் யார் வருகிறார்கள், எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று வேவு பார்க்கத்தான் இவனை அனுப்புகிறார்கள். பெண்ணைப் பிடித்தால் நிலத்தையும் பிடித்த மாதிரி.

அக்டோபர் 24

இன்று இக்னாசியாவோடு பெரிய சண்டை.

“அம்மா, சித்தப்பா வீட்டுல நேத்து நடுவருக்கு விருந்தாம். ஆடு அடிச்சாங்களாம். பத்திரம் எழுதுறவரும் வந்திருந்தாராம். எதுக்கும்மா?”

“உன் சித்தப்பா யாருக்குச் சோறு போட்டா உனக்கென்ன? யாரு சொன்னா உனக்கு?”

இக்னாசியாவின் கழுத்து சிவந்தது. அப்போதே புரிந்துவிட்டது. “அந்த ரியோபாம்பாக்காரன் சொன்னானா? நம்ம குடும்பத்துக்குள்ள சண்டை மூட்டிவிட்டா அவங்களுக்குத்தானே லாபம்? இது தெரியாத கழுதையா நீ?”

“உனக்கு வெளியாளைக் கண்டாத்தாம்மா சந்தேகம்,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலேயே படுத்துவிட்டாள். பார்லிக் கஞ்சியை நான்தான் குடித்தேன்.

அக்டோபர் 25

ஒரு நொடி எனக்கும் தோன்றியது, எதற்கு விருந்து என்று. ஹசிந்தோவையே கேட்டேன். நடுவரைக் கையில் வைத்துக்கொள்வது நல்லதுதானே, நாளைக்குப் பிரெஞ்சுக்காரன் வழக்குப் போட்டால் உதவுவார் என்றான். எனக்காகத்தான் ஆட்டை அடித்திருக்கிறான். கேட்டதற்கே வெட்கமாகிவிட்டது.

அக்டோபர் 30

வென்றுவிட்டேன்!

அவர்கள் அளக்கும் கோட்டின் முனையில் ஒரு பெரிய திரிகைக் கல்லை நடப்போவதாக ஹசிந்தோதான் முன்கூட்டியே தகவல் சொல்லியனுப்பினான். அதுவும் எங்கள் மேட்டில். ஆற்றங்கரையில் மாடு பார்க்கிற மத்தேயோ உட்பட எல்லா ஆட்களையும் மேலே கூட்டிப்போனேன். ஆளுக்கொரு தடி. பெண்களும் வந்தார்கள். கல் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. நான் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

செவெரினோ கெஞ்சிப் பார்த்தான். “அம்மா, இது வெறும் அடையாளக் கல்லும்மா. வேலை முடிஞ்சதும் நீங்களே எடுத்து மாவரைச்சுக்கலாம்.”

“நீ எங்க வேணா நட்டு அரைச்சுக்க. இங்க மறுக்கிறேன்.”

பொழுது சாய்கிற வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு, கல்லைத் திரும்ப வண்டியில் ஏற்றி, வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்தக் குட்டையன் இன்றும் தொப்பியைக் கழற்றினான். மத்தேயோ ஆடினான், எல்லோரும் புளித்த சோளச் சிச்சா குடித்தோம். என் கணவர் இருந்திருந்தால் இவ்வளவு செய்திருப்பாரா? மாட்டார், அவருக்கு வாய் கிடையாது.

ஹசிந்தோவால் வர முடியவில்லை. ஆட்டுத்தொடை அனுப்பியிருந்தான்.

அக்டோபர் 31

கறி நன்றாக இருந்தது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

பொம்மை ரொட்டி சுட்டு, கருஞ்சோளக் கூழ் காய்ச்சி, அவர் கல்லறைக்குக் கொண்டுபோனோம். பக்கத்துக் கல்லறையில் பத்திர எழுத்தரின் மனைவி ரொட்டி வைத்துக்கொண்டிருந்தாள். “நல்லவேளை பெத்ரோனா, நீயும் ஒத்துக்கிட்ட. குடும்பத்துல மனஸ்தாபம் இல்லாம முடிஞ்சுது,” என்றாள்.

எது முடிந்தது என்று கேட்டேன்.

முந்தாநாளுக்கு முந்தைய நாள். நான் கல்லின் மேல் உட்கார்ந்திருந்த அதே நேரம். நடுவர், எழுத்தர், சாட்சிகள் எல்லோரும் ஆற்றங்கரை மேய்ச்சலில் நின்றிருக்கிறார்கள். ஹசிந்தோ நடந்திருக்கிறான். புல்லைப் பிடுங்கி, கல்லெறிந்து, வில்லோ மரத்தில் கிளையை முறித்திருக்கிறான். மறுப்பவர் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். யார் இருந்தார்கள் மறுப்பதற்கு? என் மாடுகள்தான் நின்றிருக்கும்.

கூழ்ப் பானையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. இக்னாசியாதான் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். சொன்னேனே என்று அவள் சொல்லிக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நவம்பர் 3

போனேன். ஹசிந்தோ திராட்சை ரசம் ஊற்றிக் கொடுத்து உட்கார வைத்தான். குடிக்கவில்லை.

“வெளியாள் கைக்குப் போறதுக்கு நம்ம கையில இருந்தா நல்லதுதானே அண்ணி?”

“என் கையில இருந்துச்சேடா.”

“அன்னிக்கு நீங்க வந்து ஒரே ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருந்தா, சத்தியமா திரும்பிப் போயிருப்பேன்.”

உண்மைதான் சொல்கிறான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பாவி, நான் எங்கே நிற்கவேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்து நிறுத்தினானே! என்னிடம் இருந்த சந்தேகத்தையெல்லாம் அந்தக் குட்டையன் மேல் கொட்டிவிட்டு, இவனுக்கு ஒரு துளிகூட மிச்சம் வைக்கவில்லையே நான்.

நவம்பர் 20

மாடுகளை விற்கிறேன். மேட்டுப் புல் ஆடுகளுக்குத்தான் காணும்.

1737, ஜனவரி 9

பாலாடைக்கட்டி போடுவதை நிறுத்தியாகிவிட்டது. இக்னாசியா கம்பளி நூற்கிறாள். ஹசிந்தோவின் ஆட்கள் வேலியோரம் வந்து நின்று எங்கள் மேட்டைப் பார்க்கிறார்கள். ஆடு தேடுகிறார்களாம். ஆடு மேட்டின் நான்கு மூலையிலுமா தொலையும்?

பிப்ரவரி 17

செவெரினோ வந்தான், தனியாக. பிரெஞ்சுக்காரர்கள் மலையுச்சிகளில் அடையாளம் வைக்கப் போகிறார்களாம். போகவர எங்கள் மேட்டில் சில வாரம் கூடாரம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான். போன முறை விரட்டினேன் அல்லவா, பயம். நடுவில் இக்னாசியா பக்கம் பார்த்தானா என்றும் கவனித்தேன். பார்த்தான்.

ஹசிந்தோவின் ஆட்கள் இருவர் வழக்கம்போல வேலிக்கு அப்பால் நின்றிருந்தார்கள். செவெரினோவை அங்கே, அவர்கள் முகத்துக்கு நேராகக் கூட்டிப்போனேன். எங்கள் ஆட்களையும் வரச்சொன்னேன்.

“இப்பக் கேளு. உரக்கக் கேக்கணும். இது யாரோட நிலம்னு சேத்துக் கேளு.”

அவன் முழித்தான். இக்னாசியா அவனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பெத்ரோனாம்மா, உங்களோட இந்த நிலத்துல நாங்க கூடாரம் போட்டுக்கலாமா?” என்று கத்தினான்.

“கேக்கல. இன்னொரு தடவை.”

மறுபடி கத்தினான். அதற்குப் பிறகும் ஒரு முறை கேட்கவைத்தேன். அப்புறம் ‘மறுப்பவர் உண்டா’ என்பதுபோல ஹசிந்தோவின் ஆட்கள் பக்கம் திரும்பினேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

போட்டுக்கொள்ளச் சொன்னேன்.